வீட்டைக் குளிர்விக்கப் போட்ட காசு எப்போது திரும்பும்?

பங்குனி பிறந்தால் போதும், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் எங்கே நின்றாலும் ஒரே பேச்சுதான். "மாடிக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சா பத்து டிகிரி குறையுமாம்." "புது ஃபேன் மாத்தினா கரன்ட் பில் பாதியாயிடுமாம்." "சோலார் போட்டா ஈ.பி.க்கு ஒரு பைசா கட்ட வேணாமாம்." சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் அது நடந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் எத்தனை யூனிட் ஓடியது, ஏ.சி. இருந்ததா, மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடா, தரைத்தளமா என்ற விவரமெல்லாம் நம் காதுக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடும்.

போன வருஷம் மார்ச்சில் எதிர்வீட்டு அக்கா வந்தார். சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் கையில் இருந்தது. "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க தம்பி. எதுல போட்டா வீடு குளிரும், காசும் திரும்பும்?" என்று கேட்டார். ஈ.பி. அட்டையை எடுத்து வாருங்கள் என்றேன். அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

## முதலில் ஒரு செருப்புக் கணக்கு

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்குச் செருப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 400 ரூபாய்ச் செருப்பு ஆறு மாதத்தில் வார் அறுந்துவிடுகிறது. 1,600 ரூபாய்த் தோல் செருப்பு நான்கு வருஷம் உழைக்கிறது. நான்கு வருஷத்துக்கு முதல் வகையில் எட்டு ஜோடி, 3,200 ரூபாய். ஆக, கடையில் விலை அதிகமாக இருந்த செருப்புதான் மொத்தத்தில் மலிவு.

ஆனால் தினமும் போட்டு நடப்பவருக்குத்தான் இது பொருந்தும். கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிறவருக்கு 400 ரூபாய்ச் செருப்பே நான்கு வருஷம் வரும். அவர் 1,600 கொடுத்தால் அதிகமாகக் கொடுத்த 1,200 திரும்பவே திரும்பாது.

ஃபேன், ஏ.சி., கூரைப் பூச்சு எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு விலை உண்டு. ஒன்று கடையில் ஒருமுறை கொடுப்பது. இன்னொன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி.க்குக் கொடுப்பது. முதல் விலையைக் கூட்டினால் இரண்டாவது விலை குறையும். எவ்வளவு குறையும் என்பது, அந்தப் பொருள் உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே இரண்டு சொற்களை மட்டும் பழகிக்கொண்டால் போதும். நல்ல பொருளுக்காக நீங்கள் அதிகமாகக் கொடுத்த தொகை கூடுதல் செலவு. அந்தத் தொகை, மாதாமாதம் மிச்சமாகும் காசில் திரும்பி வர ஆகும் காலம் மீட்புக் காலம். கூடுதல் செலவை ஒரு வருஷ மிச்சத்தால் வகுத்தால் மீட்புக் காலம். அது பொருளின் ஆயுளைவிடக் குறைவாக இருந்தால் லாபம், அதிகமாக இருந்தால் நஷ்டம். பொருளின் ஆயுளில் பாதிக்குள் காசு திரும்பினால்தான் நான் சரி என்பேன். நடுவில் பழுது வரும், வீடு மாற நேரும், அதற்கெல்லாம் இடம் விட வேண்டும்.

கூடுதல் செலவு என்ற சொல்லைச் சும்மா தாண்டிப் போக வேண்டாம். பழைய ஃபேன் எரிந்துபோய் எப்படியும் புதிது வாங்க வேண்டும் என்றால், 3,000 ரூபாய் ஃபேனுக்குக் கூடுதல் செலவு 3,000 அல்ல. சாதா ஃபேன் 1,600 என்றால் கூடுதல் 1,400 மட்டும். நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு வாங்கினால் 3,000 முழுதும் கூடுதல். அதே ஃபேன்தான், காசு திரும்பும் காலம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. எனவே எதை வாங்கலாம் என்பதோடு எப்போது வாங்கலாம் என்றும் கேட்க வேண்டும்.

## சேமித்த ஒரு யூனிட்டின் விலை என்ன?

பெரிய குழப்பம் இங்கேதான். 'ஒரு யூனிட் ஏழு ரூபாய்' என்று பேசுவார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு அப்படி ஒரே விலை கிடையாது.

யூனிட் என்றால் 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியதோ, அது படிக்கட்டு மாதிரி விலை ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். கட்டணம் பின்னால் மாறினாலும் கணக்குப் போடும் முறை இதேதான். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. அதற்கு மேல் போனால் 8.40, 9.45, 10.50 என்று ஏறி, 1,000 யூனிட்டைத் தாண்டியதும் 11.55 ஆகிறது. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகையும் போய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 கட்ட வேண்டும்.

இதனால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் பில். 510 யூனிட்டுக்கு 2,124. பத்தே யூனிட், 319 ரூபாய் வித்தியாசம்! அந்த வரம்பில் நிற்கிற வீட்டுக்கு ஒரு பழைய ஃபேனை மாற்றினாலே பெரிய மிச்சம்.

அக்கா வீட்டு அட்டையைப் பார்த்தேன். ஏ.சி. கிடையாது. சராசரியாக 320 யூனிட், பில் 799 ரூபாய். காட்பாடியில் இருக்கிற என் அண்ணன் வீட்டில் இரண்டு ஏ.சி., சராசரி 900 யூனிட், பில் 5,820 ரூபாய். மிச்சம் பிடிக்கும்போது படிக்கட்டின் உச்சியிலிருந்துதான் யூனிட் குறையும். எனவே அக்கா ஒரு யூனிட் மிச்சம் பிடித்தால் 4.70 ரூபாய். அண்ணன் அதே ஒரு யூனிட்டை மிச்சம் பிடித்தால் 10.50. அதே பொருள், அதே உழைப்பு, பலன் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அண்ணன் வீட்டில் வேலை செய்த யோசனை அக்கா வீட்டிலும் அப்படியே காசைத் திருப்பித் தரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

இதுவரை பார்த்தது: கூடுதல் செலவை ஒரு வருஷ மிச்சத்தால் வகுக்க வேண்டும். மிச்சத்தைக் கணக்கிட உங்கள் வீட்டின் மேல்படி யூனிட் விலை தெரிய வேண்டும். அதற்குக் கடைசி ஆறு பில்கள் வேண்டும், ஏனென்றால் சித்திரை பில்லும் மார்கழி பில்லும் ஒன்றல்ல.

## வெயில் எப்படிக் கட்டிலுக்கு வருகிறது?

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள். அந்த மலைகளை மனதில் வைத்துக்கொண்டால் நம் வீட்டுக் கூரை புரிந்துவிடும். சூரியன் இறங்கிய பிறகு மலையடிவாரப் பாறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? காற்று தணிந்திருக்கும், பாறை சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவெல்லாம் கக்கும்.

மொட்டைமாடியும் ஒரு பாறைதான். நம் வீடுகளில் கான்கிரீட் தளம் நாலரை, ஐந்து அங்குலம் கனம் இருக்கும். மே மாத மதியத்தில் கறுத்துப்போன சிமென்ட் தரை 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். அந்தச் சூடு தளத்துக்குள் மெதுவாக இறங்க சில மணி நேரம் பிடிக்கும். மதியம் இரண்டு மணி வெயில், நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில்தான் சீலிங்குக்கு வந்து சேருகிறது. வெளியில் காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே வேர்ப்பது இதனால்தான். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, அசைக்கிறது, அவ்வளவுதான். சீலிங் அடியில் தேங்கிய சூட்டை அது நம் மேல் இறக்கும்போது 'அனல் காத்து' என்கிறோம்.

சின்ன வயதில் மாலை ஆறு மணிக்கு மாடியில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. முதல் குடத்தைக் கவிழ்த்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். தரை நனைந்த மாதிரி தெரியும், திரும்பிப் பார்ப்பதற்குள் ஓரமெல்லாம் வெளுத்துக் காய்ந்துவிடும். புழுக்கம் முகத்தில் அடிக்கும். மூன்றாவது, நான்காவது குடத்துக்குப் பிறகுதான் ஈரம் நிற்கும். அப்பா உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு குடம்" என்பார். தண்ணீர் ஆவியாகும்போது தளத்தின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அருமையான முறைதான். ஆனால் இன்று தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கும் தெருவில் அது கட்டுப்படியாகாது.

ஆக, வெயில் மூன்று கட்டமாக வருகிறது. தரை வெயிலைக் குடிக்கிறது, தளம் அதைக் கீழே கடத்துகிறது, சீலிங் அதை நம் மேல் வீசுகிறது. முதல் கட்டத்திலேயே தடுப்பதுதான் எப்போதும் மலிவு.

## வெள்ளை, தட்டோடு, பந்தல்

வெள்ளை நிறம் வெயிலைக் குடிக்காமல் திருப்பி அனுப்பும். வாகன வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி பளிச்சென்று தெரிவது எப்படியோ அப்படித்தான் இதுவும். வந்த வெயிலில் எவ்வளவு பங்கை ஒரு பரப்பு திருப்பி அனுப்புகிறதோ, அது அதன் எதிரொளிப்பு. புதிதாக அடித்த வெள்ளை முக்கால் பங்குக்குப் பக்கத்தில் திருப்பி அனுப்பும். தூசி படிந்தால் குறையும். எனவே வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் தொடங்குவதற்கு முன் கழுவிவிட வேண்டும்.

சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பது இரண்டாவது கட்டத்தைத் தடுக்கிறது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தளத்தின் மேல் கனமாகப் போடும்போது அதற்குள் நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கும். அவை சூட்டைச் சட்டென்று கடத்தாது. இப்படிச் சூட்டைத் தாமதப்படுத்தும் குணத்துக்கு வெப்பத் தடை என்று பெயர். நம் கொத்தனார்கள் இதை 'மழைக்குப் போடுறது' என்பார்கள். வெயிலுக்கும் அதுதான் காப்பு. பந்தல் எல்லாவற்றையும்விட நேரடியானது, வெயிலைத் தளத்தில் படவே விடாது. கீற்று மலிவு. ஆனால் தீ பயம் உண்டு, மழை நனைத்தால் மட்கும்.

சரி, அந்தப் 'பத்து டிகிரி' என்ன ஆனது? அது மாடித் தரையின் சூடு. என் வீட்டில் முதலில் மாடியின் ஒரு பாதிக்கு மட்டும் வெள்ளை அடித்தார்கள். அடுத்த நாள் மதியம் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். சாம்பல் தரையில் நான்கு எட்டு வைப்பதற்குள் பாதம் பொறுக்கவில்லை, வெள்ளையில் கால் வைத்ததும் நிம்மதியாக நிற்க முடிந்தது. தரையில் பத்து டிகிரிக்கு மேலேயே குறைந்திருக்கும். ஆனால் அறைக்குள் இருக்கும் காற்றில் அது இரண்டு மூன்று டிகிரியாகத்தான் வந்து சேரும். சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வருகிற சூட்டைக் கூரைப் பூச்சு என்ன செய்ய முடியும்? யாராவது டிகிரிக் கணக்குச் சொன்னால் "தரையிலா, அறைக்குள்ளா?" என்று கேளுங்கள். தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு, மேலே இன்னொரு வீடு இருந்தால், மாடிப் பூச்சால் பலனே இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் மனக்குறை உண்டு. எனக்கு வேலை செய்த ஒப்பந்தக்காரர் பாசியைச் சுரண்டாமல், விரிசலை அடைக்காமல், அப்படியே மேலே பூசிவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி, கையால் உரித்தாலே வந்தது. ஐந்து வருஷம் என்று சொன்னது எட்டு மாதம்கூட நிற்கவில்லை. ஆயுள் குறைந்தால் நாம் போட்ட கணக்கு முழுதும் கவிழ்ந்துவிடும். எனவே பெயின்ட் டப்பாவில் எழுதியிருக்கும் வருஷத்தைவிட, தரையைச் சுரண்டிக் கழுவிக் காயவைக்க ஆள் எத்தனை நாள் ஒதுக்குகிறார் என்று கேட்பதுதான் முக்கியம்.

## பில்லில் தெரியாத பலன்

இப்போது நேர்மையாக ஒரு கணக்கு. 800 சதுர அடி மாடிக்குச் சதுர அடிக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 20,000 ரூபாய். அண்ணன் வீட்டில் இரண்டு ஏ.சி.யும் கோடையில் தினம் எட்டு மணி நேரம் ஓடி, வருஷத்துக்கு 2,000 யூனிட் எடுக்கிறது என்று வைப்போம். கூரைப் பூச்சால் அதில் 15 சதவீதம் குறைந்தால் 300 யூனிட், கிட்டத்தட்ட 3,000 ரூபாய். காசு திரும்ப ஏழு வருஷம் ஆகும். பூச்சின் ஆயுள் ஐந்து வருஷம் என்றால், பில்லை மட்டும் பார்த்தால் நஷ்டம்!

அக்கா வீட்டிலோ ஏ.சி.யே இல்லை. வெள்ளை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஃபேன் ஓடத்தான் போகிறது. பில்லில் மிச்சம் பூஜ்யம்.

அப்படியென்றால் வெள்ளை அடிப்பது வீணா? இல்லவே இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஓர் இடத்துக்காகத்தான். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் தூங்குவதும், எழுபது வயது மாமியார் வேர்த்து மயங்காமல் இருப்பதும் ஈ.பி. பில்லில் வராது. அதனால் அவை பலன் இல்லை என்று ஆகிவிடாது. தவறு எங்கே நடக்கிறதென்றால், ரூபாயில் வராத பலனை ரூபாயாகச் சொல்லி விற்கிறார்கள், நாமும் அப்படியே நம்பி வாங்குகிறோம். பில் குறையாததும் 'ஏமாந்துட்டோம்' என்று அடுத்தவரையும் தடுத்துவிடுகிறோம். இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஒன்றில் ரூபாய் மிச்சம், இன்னொன்றில் உடம்புக்கும் தூக்கத்துக்கும் கிடைப்பது. இரண்டாவது பத்திக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்கள் வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும், விற்பவர் அல்ல.

அப்புறம், கூடுதல் செலவை இங்கே மறக்கக்கூடாது. அக்கா வீட்டு மாடியில் ஒரு மூலையில் கார்த்திகை மழைக்குக் கசிவு இருந்தது. தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூச்சு எப்படியும் அடித்தாக வேண்டும். அந்தப் பூச்சைச் சாம்பல் நிறத்தில் அடிக்காமல் வெள்ளையில் அடித்தால் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வீடு குளிர்வது இனாமாகக் கிடைக்கிறது. கையில் காசே இல்லை என்றால் சுண்ணாம்போடு பசை கலந்து சித்திரைக்கு முன் அடிப்பது சில ஆயிரத்தில் முடியும், ஒன்றிரண்டு கோடைக்கு வரும்.

## ஃபேனும் ஏ.சி.யும்

சாதா ஃபேன் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். உள்ளே காந்தம் வைத்த மோட்டார், அதை ஓட்ட ஒரு சிறிய எலக்ட்ரானிக் போர்டு, இதுதான் வேறுபாடு. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். வேலூரில் ஃபேன் வருஷத்தில் பத்து மாதம் ஓடும். அக்காவுக்கு ஒரு ஃபேனுக்கு வருஷம் 940 ரூபாய், அண்ணனுக்கு 2,100. ஓடுகிற ஃபேனைக் கழற்றினாலும் அக்காவுக்கு மூன்று வருஷத்துக்குச் சற்று மேலே காசு திரும்பிவிடும், அண்ணனுக்கு ஒன்றரை வருஷம். பூஜை அறையிலும் விருந்தாளி அறையிலும் இருக்கிற ஃபேனை மாற்ற வேண்டாம், அது கல்யாணத்துக்குப் போடுகிற செருப்பு. ஒரு சங்கடம் உண்டு. சாதா ஃபேன் கெட்டால் தெரு எலக்ட்ரீஷியன் கன்டென்சர் மாற்றி ஓட்டிவிடுவார், இதில் போர்டு போனால் கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும். உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஏ.சி.யில் நட்சத்திரத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். லேபிளில் 'வருஷத்துக்கு இத்தனை யூனிட்' என்று போட்டிருப்பது, வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில். 3 நட்சத்திரத்துக்கும் 5 நட்சத்திரத்துக்கும் லேபிளில் 220 யூனிட் வித்தியாசம் இருந்து, உங்கள் வீட்டில் கத்திரி வெயிலில் மட்டும் மொத்தம் 400 மணி நேரம் ஓடினால், உங்கள் மிச்சம் அதில் கால் பங்கு, 55 யூனிட். 8,000 ரூபாய் அதிகம் கொடுத்தால் அது திரும்பாது. தினமும் ராத்திரி முழுக்க, வருஷத்தில் ஆறேழு மாதம் ஓடுகிற வீட்டுக்கு 5 நட்சத்திரம் சரி. நட்சத்திர அளவுகோலையும் அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். எனவே பழைய வருஷத்து 5 நட்சத்திரமும் இந்த வருஷத்து 5 நட்சத்திரமும் ஒன்றல்ல, லேபிளில் யூனிட் எண்ணைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

எல்.இ.டி. பல்பு அநேகமாக எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

## மிச்சங்களைக் கூட்டக்கூடாது

ஆடித் தள்ளுபடியில் '20 சதவீதம், அதன் மேல் 10 சதவீதம்' என்று போடுவார்கள். 1,000 ரூபாய்ப் புடவை முதலில் 800 ஆகும். அடுத்த 10 சதவீதம் 800இல்தான் குறையும், 720. மொத்தத் தள்ளுபடி 28 சதவீதம், 30 அல்ல.

வீட்டிலும் இப்படித்தான். கூரைப் பூச்சு ஏ.சி. செலவைக் குறைத்த பிறகு, நல்ல ஏ.சி. மிச்சம் பிடிக்க எஞ்சியிருப்பது குறைவு. ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டிய பிறகு இன்னும் குறைவு. மூன்று விற்பனையாளர்கள் ஆளுக்கு முப்பது சதவீதம் சொன்னால் தொண்ணூறு ஆகாது. வரிசையும் முக்கியம். முதலில் வெயிலை வெளியே நிறுத்தி, அப்புறம் ஏ.சி. வாங்கினால் ஒன்றரை டன் கேட்ட அறைக்கு ஒரு டன் போதுமாகலாம். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வெயில்தான், திரை அதை அறைக்குள்ளேதான் பிடித்து வைக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'கம்மியாத்தானே கரன்ட் இழுக்குது' என்று முன்பு ஐந்து மணி நேரம் ஓடிய ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடத் தொடங்கும். பில் அப்படியே நிற்கும். இதற்கு மீள்விளைவு என்று பெயர். அதில் குற்றமில்லை, நீங்கள் மிச்சத்தைச் சுகமாக எடுத்துக்கொண்டீர்கள். கணக்கில் மட்டும் அதை அப்படியே எழுத வேண்டும்.

சுருக்கமாக: மிச்சங்கள் ஒன்றையொன்று தின்னும், மலிவான தடுப்பு முதலில், சாதனம் பிறகு.

## சோலார் யாருக்கு?

சோலார் செலவைக் குறைப்பதில்லை, மின்சாரம் தயாரிக்கிறது. எனவே அது கடைசியில்தான் வர வேண்டும். 1 கிலோவாட் பலகை நம் ஊரில் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், 2024 பிப்ரவரியிலிருந்து, முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் மொத்தம் 78,000. பகலில் நீங்கள் அனுப்பும் யூனிட்டை இரவில் எடுக்கும் யூனிட்டில் கழிப்பதற்கு நிகர அளவீடு என்று பெயர்.

கிலோவாட்டுக்கு 70,000 ரூபாய் விலை என்று வைப்போம். 2 கிலோவாட்டுக்கு மானியம் போக 80,000. அண்ணனின் 900 யூனிட்டில் 480 கழிந்தால் 420. பில் 5,820இலிருந்து 1,301. வருஷத்துக்கு 27,000 ரூபாய் மிச்சம், மூன்றே வருஷத்தில் காசு கைக்கு வந்துவிடும். அக்கா அதே 2 கிலோவாட் போட்டால் அவருக்கு மிச்சமாக இருப்பதே அந்த 799 ரூபாய்தான். 80,000 திரும்பப் பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகும். 1 கிலோவாட் போதும். 320இல் 240 கழிந்தால் 80, அது இலவச 100க்குள் வந்துவிடும். செலவு 40,000, எட்டு வருஷத்துக்குச் சற்று மேல். பலகைக்கு 25 வருஷ ஆயுள் சொல்கிறார்கள் என்பதால் அது மோசமில்லை. இரண்டாவது கிலோவாட்தான் அவருக்குத் தேவையில்லாதது. அண்ணனுக்குச் சொன்ன அதே ஆளே அக்காவிடமும் 2 கிலோவாட் என்றுதான் சொல்லியிருந்தார்.

கடன் வாங்கிப் போடுகிறவர்கள் வட்டியையும் செலவில் சேர்க்க வேண்டும். நகையை வைத்து 60,000 எடுத்தால் வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் வட்டி போகும். வருஷ மிச்சம் அதைவிடக் குறைவென்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

## அக்கா என்ன செய்தார்?

அவருக்கு ஏ.சி. ஆசை இருந்தது. அதன் கணக்கையும் போட்டுக் காட்டினேன். இரவில் எட்டு மணி நேரம், அறுபது நாளைக்கு, சுமார் 430 யூனிட் ஏறும். 320 யூனிட் 750 ஆகும். பில் 799இலிருந்து 4,300 ரூபாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும், ஏனென்றால் புதிதாக ஏறுகிற யூனிட்டும் மேல்படியில்தான் ஏறும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

650 சதுர அடி மாடியைச் சுரண்டிக் கழுவி, விரிசல் அடைத்து, வெள்ளைப் பூச்சு அடிக்க 20,000 ஆனது. கழுவிய பிறகு இரண்டு நாள் காயவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று அக்காவே கூட நின்று பார்த்துக்கொண்டார். ராத்திரி முழுக்க ஓடுகிற இரண்டு ஃபேன்களை மட்டும் மாற்றினார், 6,000. மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டி 2,000. மீதி 32,000 ரூபாயை வங்கியில் போட்டுவிட்டார். அடுத்த பில்லில் 80 யூனிட் குறைந்து 423 ரூபாய் வந்தது.

இந்த மே மாதம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் மாமியார் பாயைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருப்பார். அன்று உள்ளே கட்டிலில் படுத்து நல்ல தூக்கம். அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறச் சொன்னார். சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான், சூடு இல்லை.